வாசிப்பதா வேண்டாமா: முதல் வரிக்கு முன்பே நடக்கும் முடிவு

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹியுன்ஜின் சாங், நார்பர்ட் ஷ்வார்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சோதனை மிக எளிது. மாணவர்களிடம் ஓர் உடற்பயிற்சிக் குறிப்பைக் கொடுத்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு அது ஏரியல் என்ற தெளிவான எழுத்துருவில் அச்சாகியிருந்தது. மறுபாதிக்கு, தூரிகையால் தீட்டியது போன்ற, கண்ணுக்குச் சிரமமான எழுத்துருவில். வாசகம் இரண்டிலும் ஒன்றுதான். இந்தப் பயிற்சியைச் செய்து முடிக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று கேட்டபோது, தெளிவான எழுத்தில் படித்தவர்கள் சராசரியாக 8.2 நிமிடம் என்றார்கள். மற்றவர்கள் 15.1 நிமிடம் என்றார்கள். இதை உங்கள் அன்றாட வழக்கமாக்கிக்கொள்வீர்களா என்ற கேள்விக்கும் முதல் குழுவிடம்தான் அதிக விருப்பம் தெரிந்தது.

படிக்கச் சிரமமாக இருந்ததை, செய்யவும் சிரமமாக இருக்கும் என்று மனம் எடுத்துக்கொண்டது. எழுத்தின் தோற்றத்துக்கும் பயிற்சியின் கடினத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் இரண்டும் ஒரே கணக்கில் சேர்ந்துவிட்டன.

இணையத்தில் எழுதுகிற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய அடிப்படை இதுதான். வாசகர் உங்கள் கட்டுரையைத் திறந்த அந்த ஓரிரு நொடியில் ஒரு சொல்லைக்கூட முழுதாக வாசித்திருக்க மாட்டார். பத்திகளின் பருமன், வரிகளுக்கிடையே உள்ள வெளி, எழுத்தின் அளவு, நிறம் இவற்றைத்தான் பார்த்திருப்பார். வங்கிக்குள் நுழைந்ததும் வரிசையின் நீளத்தைப் பார்த்தே நிற்பதா திரும்புவதா என்று முடிவு செய்வோமே, அதே மாதிரியான கணக்குதான். இதற்கு எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கும் என்று மனம் ஒரு விலையைப் போட்டுப் பார்க்கிறது. விலை அதிகமென்று தோன்றினால் விரல் அடுத்ததற்குத் தள்ளிவிடுகிறது. உள்ளே எத்தனை நல்ல விஷயம் இருந்தாலும் அதைப் பார்க்க அவர் அங்கே இல்லை.

இதை வாசகரின் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு நாளில் அவர் கண்முன் வந்து விழும் எழுத்தின் அளவுக்கு, எதைப் படிப்பது என்று தேர்ந்தெடுக்காமல் அவரால் வாழவே முடியாது. அவர் நமக்குக் கொடுக்கும் நேரத்துக்கு மரியாதை செய்வது எழுதுகிறவரின் வேலை.

கண் எப்படி வாசிக்கிறது

வாசிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டே போவதாக நமக்குத் தோன்றும். உண்மையில் அது தாவித் தாவிப் போகிறது. பாரிஸைச் சேர்ந்த கண் மருத்துவர் எமில் ஜாவால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதைக் கவனித்து எழுதினார். கண் ஓரிடத்தில் ஏறத்தாழ கால் நொடி நிற்கும், பிறகு அடுத்த இடத்துக்குத் தாவும். நிற்கும்போதுதான் எழுத்து உள்ளே போகிறது. ஆங்கில வாசகர்களை வைத்துச் செய்த பிற்கால ஆய்வுகளில், நிற்கும் இடத்துக்கு இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்தும் வலப்பக்கம் பதினான்கு பதினைந்து எழுத்தும் வரைதான் பயன்படும் தகவல் கிடைக்கிறது என்று தெரிந்தது. வலப்பக்கம் மங்கலாகத் தெரிகிற சொல் இடைவெளிதான் அடுத்து எங்கே தாவுவது என்று கண்ணுக்கு வழி காட்டுகிறது.

சொல்லுக்குச் சொல் இடம் விடுவது இயற்கையாக வந்த வழக்கம் அல்ல. நம் பழைய ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கிடையே இடம் கிடையாது. மெய்யெழுத்தின் மேல் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகாரத்துக்கு வேறுபாடு தெரியாது, செய்யுள் அடியடியாகப் பிரிந்து நிற்காது. அதைப் படிப்பதற்கென்று பயின்றவர்கள்தான் படிக்க முடியும். 1887-இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்ததற்குப் பின்னால் பாட வேறுபாடுகளை ஒப்பிட்ட உழைப்பு இருக்கிறது. அதற்கு நிகராக, எங்கே பிரிப்பது, எங்கே நிறுத்துவது என்று வாசகருக்காக முடிவு செய்த உழைப்பும் இருக்கிறது. ஆறுமுக நாவலர் தம் உரைநடையிலும் பதிப்புகளிலும் நிறுத்தற்குறிகளை அக்கறையோடு இட்டதும் அதே நோக்கத்தில்தான். அச்சு வந்த பிறகு இத்தனை பேர் கவனம் செலுத்திச் சேர்த்த வசதிகளை இன்று திரையில் நாமே கைவிடுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

கைவிடுகிறோம் என்பதற்கு ஒரே உதாரணம் போதும். காற்புள்ளிக்குப் பிறகு இடம் விடாமல் "வந்தான்,பார்த்தான்,போனான்" என்று தட்டச்சு செய்வது இணையத் தமிழில் சர்வசாதாரணம். வரியை எங்கே மடிப்பது என்று பிரௌசர் பார்ப்பது இடைவெளிகளை. இடைவெளி இல்லாவிட்டால் மூன்று சொல்லும் சேர்ந்து பிரிக்க முடியாத ஒரே நீளச் சொல்லாகிவிடும். அந்த வரியில் அடங்காமல் மொத்தமாக அடுத்த வரிக்குப் போய், மேல் வரியில் பாதி காலியாக நிற்கும். எழுதியவர் கண்ணுக்கு ஒரு ஸ்பேஸ் விட்டுப்போனது மட்டும்தான் தெரியும். வாசகர் பார்ப்பதோ கந்தலான பக்கம்.

ஃபோனில் பத்தி வளர்ந்துவிடும்

லேப்டாப்பில் எழுதுகிறோம், வாசகர் ஃபோனில் படிக்கிறார். பெரும்பாலான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வேற்றுமை, காலம், இடம், துணைவினை எல்லாம் ஒரே சொல்லில் ஏறி உட்காரும். "எடுத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது" என்பது பலர் சேர்த்தே எழுதும் ஒரு சொல். எழுத்துகளும் அகலம். "கொ" நமக்கு ஓரெழுத்து, ஆனால் திரையில் கொம்பு, க, கால் என்று மூன்று உருவின் இடத்தைப் பிடிக்கிறது. அதனால் ஃபோன் திரையில் தமிழில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல்தான் பிடிக்கும். லேப்டாப்பில் அறுபது சொல் கொண்ட பத்தி ஏழெட்டு வரியில் அடக்கமாகத் தெரியும். அதே பத்தி ஃபோனில் பதினைந்து வரிக்கு மேல் போய்விடும். நூற்றைம்பது சொல் பத்தி என்றால் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, எங்கே முடிகிறது என்பதே தெரியாமல் நிற்கும். முடிவு தெரியாத பத்திக்குள் நுழையப் பலருக்கு மனம் வராது.

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வரக்கூடிய அறிவிப்பைப் பாருங்கள்.

"அனைவருக்கும் வணக்கம் நமது குடியிருப்பில் மேல்நிலைத் தொட்டி சுத்தம் செய்யும் பணி நடைபெற இருப்பதால் வரும் சனிக்கிழமை காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை தண்ணீர் வராது ஆகவே அனைவரும் வெள்ளிக்கிழமை இரவே தேவையான தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம் மேலும் 4 மணிக்குப் பிறகு குழாயை ஐந்து நிமிடம் திறந்துவிட்டுப் பிறகு பயன்படுத்தவும் குடிப்பதற்குப் பயன்படுத்த வேண்டாம் அவசரத் தேவைக்கு வாட்ச்மேனிடம் சொன்னால் கீழ்த்தொட்டியிலிருந்து ஒரு குடம் தரப்படும்"

தகவல் எல்லாம் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு "தண்ணி வரலையே, என்னாச்சு?" என்று நாலு பேராவது அதே குழுவில் கேட்பார்கள். தண்ணீர் வராது என்ற செய்தி ஐந்தாறு வரிக்குக் கீழே புதைந்து கிடக்கிறது. தவிர, "பயன்படுத்த வேண்டாம் அவசரத் தேவைக்கு" என்று இரண்டு வாக்கியம் ஒட்டிக்கொண்டு, அவசரத்துக்குக்கூடப் பயன்படுத்தக் கூடாது என்பது போல ஒரு கணம் மயக்குகிறது. வாசகர் திரும்பிப் போய்ப் பிரித்துப் படிக்க வேண்டும்.

இப்போது இது:

"*சனிக்கிழமை காலை 9 முதல் மாலை 4 வரை தண்ணீர் வராது.*

மேல்நிலைத் தொட்டியைச் சுத்தம் செய்கிறோம். தேவையான தண்ணீரை வெள்ளிக்கிழமை இரவே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

4 மணிக்குப் பிறகு குழாயை ஐந்து நிமிடம் திறந்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

அவசரம் என்றால் வாட்ச்மேனிடம் சொல்லுங்கள். கீழ்த்தொட்டியிலிருந்து ஒரு குடம் கிடைக்கும்."

முதல் வரியில் உள்ள நட்சத்திரக்குறிகள் வாட்ஸ்அப்பில் அந்த வாக்கியத்தைத் தடித்த எழுத்தாக்கும். குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் இருக்கக் கூடாது. செய்தி ஒன்றும் மாறவில்லை. மூன்று இடத்தில் வரி விட்டிருக்கிறோம், முற்றுப்புள்ளி வைத்திருக்கிறோம், முக்கியமானதை மேலே தூக்கி வைத்திருக்கிறோம். மேம்போக்காகப் பார்ப்பவருக்கும் முதல் வரி போய்ச் சேரும். முழுதும் படிக்க வேண்டியவருக்கு எது எங்கே என்று தெரியும்.

ஆங்கிலத்தில் வாக்கியத்தின் தொடக்கத்தில் பெரிய எழுத்து வரும், பெயர்களுக்கும் வரும். முற்றுப்புள்ளி விட்டுப்போனாலும் அது ஓரளவு கைகொடுக்கும். தமிழில் பெரிய எழுத்து கிடையாது. வாக்கியம் முடிந்தது என்று சொல்ல நமக்கு இருப்பது ஒரு புள்ளியும் ஓர் இடைவெளியும்தான். அதனால் அவற்றை நாம் ஆங்கிலக்காரரைவிடக் கூடுதலாகப் பேண வேண்டும்.

வரிக்கும் வரிக்கும் நடுவே

தமிழ் எழுத்து மேலும் கீழும் கை நீட்டுகிற எழுத்து. "கீ" என்பதன் விசிறி மேலே போகும். "மூ", "ழு", "ஞ" கீழே இறங்கும். மேல் வரியில் "மூ" வந்து, சரியாக அதன் அடியில் "ரீ" வந்தால், வரி நெருக்கமாக இருக்கும்போது இரண்டும் முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தை மனத்தில் வைத்து அமைத்த டெம்ப்ளேட்டைத் தமிழுக்கு அப்படியே போட்டால் இதுதான் நடக்கிறது. பக்கம் முழுக்கச் சாம்பல் பூசியது போல ஆகிவிடும்.

உடற்குறை உள்ளவர்களும் வலைத்தளங்களைப் பயன்படுத்த வழி சொல்லும் உலகளாவிய வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி., பத்திக்குள் வரி இடைவெளி எழுத்தளவைப் போலக் குறைந்தது ஒன்றரை மடங்கு இருக்கட்டும், பத்திகளுக்கிடையே அந்த வரி இடைவெளியைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும் என்கிறது. வரிக்கு 80 எழுத்தைத் தாண்டாதிருப்பது நல்லது என்றும் சொல்கிறது. அதன் மிக உயர்ந்த தர நிலைக்குரிய அளவுகள் இவை. என் கருத்தில், தமிழுக்கு ஒன்றரை என்பது ஆரம்பம்தான். 1.6-லிருந்து 1.8 வரை வைத்தால் கண்ணுக்கு நிம்மதி. பெரும்பாலான தளங்களில் இது லைன் ஹைட் (வரி உயரம்) என்ற ஒரே எண்ணை மாற்றுகிற வேலை.

வரியின் நீளத்தைப் பொறுத்தவரை, ஆங்கில அச்சுக்கலையில் 45 முதல் 75 எழுத்து என்பது நீண்டகால மரபு. வரி மிக நீண்டால், முடிவுக்குப் போன கண் அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடித் திரும்பும்போது வழி தவறும். படித்த வரியையே மறுபடி படிப்போம், அல்லது ஒன்றைத் தாண்டிவிடுவோம். தமிழுக்கு எழுத்தை எண்ணிப் பயனில்லை. "தமிழ்" என்ற சொல் நமக்கு மூன்றெழுத்து, எழுத்துகளைக் கணினி குறித்துவைக்கும் யூனிகோடு முறையில் அது எண்ணுவது ஐந்து. லேப்டாப்பில் வரிக்கு ஏழெட்டுச் சொல், மிஞ்சினால் ஒன்பது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃபோனில் இந்தக் கவலையே இல்லை.

ஃபோனில் வேறொரு தொல்லை உண்டு. ஜஸ்டிஃபை. இரு ஓரமும் நேராக இருந்தால் அச்சுப் புத்தகம் மாதிரி கம்பீரமாக இருக்கும் என்று நினைத்துப் பலர் அதை அழுத்திவிடுகிறார்கள். வரிக்கு மூன்று நான்கு சொல்லே பிடிக்கிற இடத்தில், நீளமான ஒரு சொல் அடுத்த வரிக்குப் போனால் மீதமிருக்கும் இரண்டு சொல்லும் இரண்டு ஓரத்துக்கும் இழுபட்டு, நடுவே பெரிய பள்ளம் விழும். அச்சகத்தில் சொல்லை உடைத்து மறுவரிக்குக் கொண்டுபோய் இதைச் சமாளிப்பார்கள். திரையில் அது பெரும்பாலும் நடப்பதில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படும் டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு இந்தச் சீரற்ற பள்ளங்கள் கூடுதல் தடை. பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கமும் இடப்பக்கம் மட்டும் நேராக வைக்கவே பரிந்துரைக்கிறது.

நிறம் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து நாகரிகமாகத் தெரியும், வெயிலில் பஸ் ஸ்டாப்பில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்ற அளவுக்குக் குறையக் கூடாது என்பது டபிள்யூ.சி.ஏ.ஜி. விதி. வெள்ளையின் மேல் #767676 என்ற நிறக்குறியீடு கொண்ட சாம்பல் அதில் தேறும் கடைசி எல்லை. #999999 தோற்றுவிடும், 2.85-தான் வரும்.

மேய்கிற கண்ணுக்குத் தலைப்பு

டென்மார்க்கைச் சேர்ந்த வலைத்தளப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1997-இல் வெளியிட்ட முடிவு இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. அவர் சோதித்தவர்களில் 79 சதவீதம் பேர் புதிய பக்கத்தை மேலோட்டமாக மேய்ந்தார்கள். சொல் சொல்லாக வாசித்தவர்கள் 16 சதவீதம் மட்டுமே. 2006-இல் 232 பேரின் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தபோது, மேலே இரண்டு வரியை ஓரளவு படித்துவிட்டு, பிறகு இடது ஓரமாகவே கீழே இறங்கிப் போவது தெரிந்தது. துணைத்தலைப்பு, பத்திப்பிரிப்பு எதுவும் இல்லாத பக்கத்தில் இந்தப் பழக்கம் அதிகம். நல்ல துணைத்தலைப்புகள் இருந்தால் கண் அவற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி, தனக்கு வேண்டிய இடத்தில் நின்று வாசிக்கிறது.

இடது ஓரமாக இறங்கும் கண் ஒவ்வொரு வரியிலும் பார்ப்பது முதல் ஓரிரு சொல். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். ஐந்து எச்சத்தைக் கோத்து ஆறாவது வரியில் முற்றுவினையை வைத்தால், மேய்கிறவருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. எனவே பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டுமாவது குட்டையாக வைப்பது பெரிய உதவி. வினை சீக்கிரம் வந்துவிடும். இரண்டாம் வாக்கியத்திலிருந்து உங்கள் விருப்பம் போல நீட்டலாம். துணைத்தலைப்பிலும் "குறித்த சில முக்கியத் தகவல்கள்" என்பது போன்ற வால் வேண்டாம். "விண்ணப்பிக்கக் கடைசி நாள்" என்றால் போதும்.

அளவு மீறினால்

இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிலர் மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள். வாக்கியத்துக்கு ஒரு பத்தி, பத்திக்கு இரண்டு தடித்த சொல், நடுவில் எமோஜி, எல்லாமே புள்ளிப்பட்டியல். அது வேறு விதமான சோர்வு. தடித்த எழுத்து கண்ணை நிறுத்துவதற்கானது. பக்கத்துக்குப் பத்து இடத்தில் நிறுத்தச் சொன்னால் கண் எதையும் நம்பாது. தமிழ் எழுத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. "இ", "ண", "ஞ" போன்ற சுழி நிறைந்த எழுத்துகளைச் சிறிய அளவில் தடித்தால் சுழிகள் அடைத்துக்கொண்டு கறை போலாகிவிடும். அடிக்கோடு "ழ", "மூ" ஆகியவற்றின் காலை வெட்டிக்கொண்டு போகும், இணையத்தில் அது இணைப்பு என்று நினைத்து விரல் தட்டவும் செய்யும். சாய்வெழுத்துக்குத் தமிழில் மரபு இல்லை. நேர் எழுத்தைக் கணினி சாய்த்துக் காட்டுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

பட்டியல் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. எடுத்துவர வேண்டிய ஆவணங்கள், சமையல் பொருள்கள், பஸ் நேரம் இவற்றுக்குப் பட்டியல் அருமை. ஒரு வாதத்தைப் பட்டியலாக உடைத்தால் "ஏனென்றால்", "ஆனாலும்", "அதனால்" எல்லாம் உதிர்ந்துவிடும். துண்டுகள் மட்டும் மிஞ்சும், அவற்றைக் கோக்கும் வேலை வாசகர் தலையில் விழும்.

வசதியாகத் தெரிவதும் வேகமாகப் படிப்பதும் எப்போதும் ஒன்றாகப் போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் விச்சிட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2005-இல் ஆங்கிலச் செய்திகளை வைத்துச் சோதித்தபோது, வரிக்கு 95 எழுத்து இருந்த நீள வடிவத்தைத்தான் மக்கள் வேகமாகப் படித்தார்கள். ஆனால் எது பிடிக்கும் என்பதில் கருத்து பிரிந்தே இருந்தது. மைக்ரோசாஃப்டின் கெவின் லார்சனும் எம்.ஐ.டி.யின் ரோசலிண்ட் பிக்கார்டும் இருபது பேரை மட்டும் வைத்துச் செய்த சிறிய சோதனையில், நன்றாக அச்சுக்கோத்த பக்கத்தைப் படித்தவர்களுக்கும் மோசமாகக் கோத்ததைப் படித்தவர்களுக்கும் வேகத்திலோ புரிதலிலோ பெரிய வேறுபாடு இல்லை. வேறுபட்டது நேரம் பற்றிய உணர்வு. நல்ல பக்கத்தைப் படித்தவர்கள், தாங்கள் உண்மையில் செலவிட்டதைவிட வெகு குறைந்த நேரமே ஆனதாக நினைத்தார்கள். எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. அலுப்பில்லாமல் நேரம் போன இடத்துக்கு ஆள் திரும்ப வருவார்.

கண்ணால் வாசிக்காதவர்களும் இருக்கிறார்கள். பார்வையற்றவர்கள் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் வழியே கேட்டு வாசிக்கும்போது, தலைப்புக்குத் தலைப்பு தாவித்தான் நீண்ட பக்கத்தில் வழி தேடுகிறார்கள். நீங்கள் தலைப்பு என்ற வசதியைப் பயன்படுத்தாமல் ஒரு வரியைத் தடிமனாக்கிப் பெரிதாக்கி மட்டும் வைத்தால், கண்ணுக்கு அது தலைப்பு, மென்பொருளுக்கு வெறும் வரி. தாவ இடம் இராது. அழகுக்காக இடும் நட்சத்திர வரிசையை அது ஒவ்வொன்றாக "நட்சத்திரம், நட்சத்திரம்" என்று படித்துக்கொண்டு போகவும் கூடும். அறிவிப்பைப் படமாக்கிப் பகிர்ந்தால் பல சமயம் ஒன்றுமே கேட்காது. பார்வை குறைந்த பெரியவர் எழுத்தைப் பெரிதாக்கினால், படத்தில் வரி மடியாது, பக்கவாட்டில் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

எழுதி முடித்ததும் வெளியிடும் முன் உங்கள் ஃபோனில் திறந்து பாருங்கள். முடிந்தால் எழுத்தளவைப் பெரிதாக வைத்திருக்கும் வீட்டுப் பெரியவர் ஒருவரின் ஃபோனிலும் திறந்து, எதுவும் சொல்லாமல் கையில் கொடுங்கள். எந்த இடத்தில் விரல் வேகமாகத் தள்ளுகிறது என்று கவனியுங்கள். அங்கே பத்தி நீண்டிருக்கும், அல்லது முதல் வாக்கியம் நீண்டிருக்கும், அல்லது அந்தப் பகுதியே தேவைப்பட்டிருக்காது. எது என்று பார்த்து அந்த ஓரிடத்தை முதலில் திருத்துங்கள்.